பட்டமும் பணிக்கோப்பும்

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது எஸ்.ஆர். ரங்கநாதனிடம் நூலகத் துறைக்கான படிப்பு எதுவும் இல்லை. அதுவரை அவர் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். புது வேலை சீக்கிரமே சலித்துப்போய், பழைய இடத்துக்கே போகிறேன் என்றார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1919இல் தொடங்கிய நூலகப் பள்ளியில் படித்தார். அங்குள்ள நூலகங்களைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். ஊர் திரும்பி, 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் பெயரில் பயிற்சி வகுப்பு தொடங்கினார். நம் நாட்டு நூலகர்கள் இன்று வாங்கும் பட்டங்களுக்கு அதுவும் ஒரு மூலம்.

படிப்பும் அனுபவமும் ரங்கநாதனிடம் ஒன்றாகவே வளர்ந்தன. அவருக்குப் பின் இந்தியா படிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிரிட்டன் அனுபவத்தை எடைபோட ஒரு வழி கண்டது.

நம் ஊர்க் கல்லூரி நூலகர் வேலையின் வாசல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம். அதோடு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்விலோ செட் என்னும் மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சி, அல்லது விதிப்படியான முனைவர் பட்டம். நெட் தேர்வில் இரண்டு தாள்கள், 150 கேள்விகள், 300 மதிப்பெண். எந்த வகைப்பாட்டு முறை எந்த ஆண்டில் வந்தது, யார் எந்தக் கோட்பாட்டைச் சொன்னார் என்று பொருத்தச் சொல்வார்கள். டூவி 1876, கோலன் 1933 என்று மனப்பாடம் செய்தவர் தப்பித்துவிடுவார். ஒரு மாணவி வந்து, ‘அந்தப் பச்சை அட்டைப் புத்தகம், போன வருஷம் இங்கேதான் இருந்தது’ என்று கேட்டால் அவளிடம் திருப்பி என்னென்ன கேட்க வேண்டும் என்பதை எந்தத் தாளும் சோதிப்பதில்லை.

உள்ளே நுழைந்த பிறகு அனுபவம் பெரும்பாலும் ஆண்டுக் கணக்குதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, உதவி நூலகர் அடுத்த நிலைக்குப் போக முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் 5, இரண்டும் இல்லாவிட்டால் 6. பயிற்சி வகுப்புகளுக்குப் போன சான்றும் வேண்டும். பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு 10 ஆண்டு அனுபவமும் முனைவர் பட்டமும். புதுமையான நூலகச் சேவைக்கு ஆதாரம் வேண்டும் என்றும் விதியில் ஒரு வரி இருக்கிறது. நல்ல வரி, ஆனால் அந்த ஆதாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை.

பிரிட்டனில் 1877இல் தொடங்கிய நூலகச் சங்கம் 1898இல் அரச பட்டயம் பெற்றது; 2002இல் தகவல் அறிவியலாளர் நிறுவனத்துடன் இணைந்து ‘சிலிப்’ ஆனது. சிலிப் வழங்கும் தொழில்முறைத் தகுதி மூன்று படி: சான்றிதழ், சார்ட்டர்ஷிப், ஃபெல்லோஷிப். சார்ட்டர்ஷிப்புக்கு நூலகப் பட்டம் கட்டாயமில்லை. வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு பணிக்கோப்பு ஒன்றைத் தயாரிக்க வேண்டும்: தன்விவரம், செய்த வேலைக்கான ஆதாரங்கள், அதிகபட்சம் 1,000 சொல்லில் ஒரு சுயமதிப்பீடு. பயிற்சி வகுப்புக்குப் போனேன் என்று எழுதினால் போதாது. போய்வந்த பிறகு உன் மேசையில் என்ன மாறியது, உன் நிறுவனத்துக்கு அதனால் என்ன பயன், வெளியே துறையில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா, இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். படித்து முடிவு சொல்பவர்களும் நூலகத் துறைக்காரர்களே.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 1,000 சொல் வரம்பு. இருபது வருடச் சேவையை இரண்டே பக்கத்தில் சொல்லச் சொன்னால், ஒரே வருடத்தை இருபது முறை திரும்பச் செய்தவர் மாட்டிக்கொள்வார்.

அதற்காக அங்கே எல்லாம் பொன் என்று நினைக்க வேண்டாம். சார்ட்டர்ஷிப் சட்டப்படியான உரிமம் அல்ல. அது இல்லாமலும் நூலகராக இருக்கலாம். சிக்கனம் என்று சொல்லி உள்ளாட்சிகள் கிளை நூலகங்களைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தபோது, எத்தனை கனமான கோப்பும் வேலையைக் காப்பாற்றவில்லை. நம் பக்கமோ, யுஜிசி விதிக்குள் வரும் நூலகருக்கு ஆசிரியருக்கு இணையான சம்பளப் படிநிலை உண்டு. இந்தச் சலுகை பெரிது. பரிந்துரைக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நெட் தேர்வு எத்தனை வறட்டுத்தனமாக இருந்தாலும் ஒரு நியாயம்தான்; நன்றாக எழுதத் தெரிந்தவருக்கும் நல்ல வழிகாட்டி அமைந்தவருக்கும் கோப்பு முறை சாதகமாகச் சாயும்.

ஆகவே தேர்வை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். பதவி உயர்வு விண்ணப்பத்தில் இரண்டு பக்கச் சுயமதிப்பீட்டைச் சேர்க்கலாம். சிக்கல் அதை யார் படிப்பது என்பதில்தான். பல கல்லூரிகளில் நூலகர் என்பவர் ஒரே ஆள். அவர் வேலையை எடைபோடும் முதல்வர் வேறு துறைக்காரர். பக்கத்துக் கல்லூரி நூலகர்கள் இருவரை அழைத்துப் படிக்கச் சொல்லலாம். அதற்கு ஒரு அரசாணையும், அவர்களுடைய பயணப்படியும் போதும்.