ஒரே வகுப்பறையில் பிறந்த இரு கல்விகள்

இலங்கையில் ஒரு தாயிடம், மூன்று வயதுப் பிள்ளையை எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 'மொண்டிசோரிக்கு' என்றே பதில் வரும். முன்பள்ளியைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே அது நம்மிடையே நிலைத்துவிட்டது. அப்பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் இத்தாலிய மருத்துவர் என்பதைப் பலரும் அறிவர். ஆயினும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையே அவர் முதன்முதலில் பயிற்றுவித்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

இக்கதையின் தொடக்கம் பிரான்சில் உள்ளது. 1800 இல், காட்டில் அகப்பட்ட பேச்சறியாச் சிறுவன் ஒருவன் பாரிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டான். அவனைத் திருத்த இயலாது என்று அறிஞர் பலர் கைவிட்டனர். செவிப்புலனற்றோர் நிறுவனத்தின் மருத்துவரான இத்தார், ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவனுக்குக் கற்பித்தார். சிறுவன் சரளமாகப் பேசக் கற்கவில்லை. எனினும் தொடுகை, பார்வை, கேள்வி ஆகிய புலன்களைப் படிப்படியாகப் பயிற்றி அறிவை வளர்க்கலாம் என்ற வழி அம்முயற்சியில் துலங்கியது. அவர் வழிவந்த செகுவின் அதனை ஒரு முறையாகவே வகுத்து, 1846 இல் நூலாக்கினார்.

அரை நூற்றாண்டின் பின்னர் அந்நூல் உரோமாபுரியில் ஓர் இளம் மருத்துவரை எட்டியது. 1896 இல் மருத்துவப் பட்டம் பெற்ற மொண்டிசோரி, மனநோயாளர் விடுதிகளில் பெரியவர்களுடன் அடைத்துவைக்கப்பட்டிருந்த சிறுவர்களைக் கண்டார். அவர்களுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்ற முடிவுக்கு வந்தார். 1900 இல் இத்தகைய பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலை ஒன்று உரோமில் தொடங்கப்பட்டபோது, அதன் இணை இயக்குநர்களுள் ஒருவரானார். அங்கே பயிற்சியும் கற்பித்தலும் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தன. காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை அவரே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இரவில் அன்றைய அவதானிப்புகளைத் தொகுத்தார். இத்தார், செகுவின் ஆகியோரின் எழுத்துகளை இத்தாலிய மொழியில் தம் கைப்படப் பெயர்த்தெழுதினார்.

பயனற்றவர்கள் என ஒதுக்கப்பட்ட அப்பிள்ளைகளுட் சிலர் பொதுப் பாடசாலைகளின் பரீட்சையில் சித்தியடைந்தனர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணினார்: இவர்களே இவ்வளவு முன்னேறினால், குறைபாடற்ற பிள்ளைகளைப் பாடசாலைகள் இத்தனை தாழ்ந்த நிலையில் வைத்திருப்பதேன்? அக்கேள்விக்கான விடையே, 1907 ஜனவரி 6 ஆம் திகதி சான் லொரென்சோ சேரியில் திறக்கப்பட்ட 'குழந்தைகள் இல்லம்'. இன்று முன்பள்ளிகளில் காணும் மரக்கட்டைகளும் விரலால் தடவும் எழுத்துகளும் விசேட கல்வியின் கொடைகளே.

1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940 இல் இத்தாலி போரில் இறங்கவே, பகை நாட்டவர் என்று அவருடைய மகன் மரியோ தடுத்துவைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளான ஓகஸ்ட் 31 ஆம் திகதி மகன் விடுவிக்கப்பட்டார். கொடைக்கானல் உட்படப் பல இடங்களில் பயிற்சி வகுப்புகள் தொடர்ந்தன. 1944 இல் கொழும்பிலும் ஒரு வகுப்பை நடத்தினார். போர்க்காலத்தில் அவரிடம் பயின்றோர் ஆயிரத்திற்கும் அதிகமானோர்.

நமது நாட்டில் விசேட கல்விக்குத் தனி வரலாறு உண்டு. 1912 இல் மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்கும் தொடங்கிய பாடசாலை பின்னர் இரத்மலானையில் வேரூன்றியது. ஆயின் முன்பள்ளி ஆசிரியர் ஒரு வழியிலும் விசேட கல்வி ஆசிரியர் வேறு வழியிலும் பயிற்றப்படும் நிலையே வளர்ந்தது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்காக 1996 இல் இயற்றப்பட்ட 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சட்டம் கதவைத் திறக்கலாம். கதவின் உள்ளே நிற்பவர் ஆசிரியர்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையின் செவியில் குறையிருக்கலாம் என்றும், படத்தை முகத்தருகே பிடிக்கும் பிள்ளையின் பார்வை மங்கலாக இருக்கலாம் என்றும் பெற்றோருக்கு அடுத்தபடியாக உணரக்கூடியவர் முன்பள்ளி ஆசிரியரே. அவர் கண்டுகொள்ளத் தவறினால், அப்பிள்ளை குழப்படிக்காரன் என்றோ மந்தபுத்தி என்றோ பெயர் சூட்டப்பட்டு முதலாம் வகுப்பிற்குச் செல்கிறது. இழந்த ஆண்டுகளைப் பின்னர் யாரும் மீட்டுத்தர முடியாது.

ஆகவே, முன்பள்ளி ஆசிரியரின் பயிற்சியில் விசேட தேவை பற்றிய பாடம் கடைசி நாளின் ஒரு மணித்தியால விரிவுரையாக அமைதல் போதாது. பயிலும் காலத்திலேயே அத்தகைய பிள்ளைகளோடு பழகி, அவதானித்து, குறிப்பெழுதும் வாய்ப்பு அவருக்கு வேண்டும். அவருடைய ஊதியமும் அப்பொறுப்புக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். நூற்றாண்டுக்கு முன் உரோமில் ஒன்றாக இருந்தவற்றை நாமே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மொண்டிசோரியின் பெயரை வாயிற்பலகையில் எழுதுவது எளிது. அவர் யாரிடமிருந்து கற்றார் என்பதை நினைவில் வைத்திருப்பதே அப்பெயருக்கு நாம் செய்யும் மரியாதை.