கடல்மீன் குஞ்சுக்கு முதல் கவளம்

கப்பி மீனை வளர்த்துப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருக்கலாம். ஒரு பழைய ஊறுகாய் ஜாடியில் விட்டால்கூட அது குட்டி போட்டுப் பெருகிவிடும். தூளாக்கிய தீனியைத் தூவினால் குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். கடல்மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு விடுவார். “முட்டையிட்டது, பொரித்தது, நான்காம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை” என்பதே பெரும்பாலும் அவருடைய அனுபவமாக இருக்கும். ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னர் நார்வே நாட்டிலும் அமெரிக்காவிலும் அரசாங்கச் செலவில் நடந்த பெரிய மீன் பொரிப்பகங்களின் அனுபவமும் இதுவேதான். முட்டையைப் பொரிக்க வைப்பது அன்றே தெரிந்துவிட்டது. பொரித்த குஞ்சுக்கு எதை ஊட்டுவது என்பது தெரிய மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த விடையை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவர இன்னும் சில பத்தாண்டுகள் பிடித்தன.

கடல் நீரையும் அதில் வாழும் உயிர்களையும் வீட்டுக்குள் வைத்துக் காப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கிலாந்தில் வழக்கத்திற்கு வந்துவிட்டது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. ‘அக்வேரியம்’ என்னும் பெயரை இப்பொருளில் பரப்பிய பிலிப் ஹென்றி காஸ், கடலுக்குத் தொலைவில் வாழ்பவர்களுக்காக உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரிக்கும் முறையையும் 1854-இல் வெளியிட்டார். ஆக, தொட்டியும் நீரும் தயார். அவற்றில் வைத்தவை வளர்ந்த உயிர்கள். கடலிலிருந்து பிடித்து வந்தவை. குஞ்சு வளர்ப்பைப் பற்றி அன்று எவரும் பெரிதாக எண்ணவில்லை. கடல்மீன்கள் முட்டையை எங்கே இடுகின்றன என்பதே சரியாகத் தெரியாத காலம் அது.

அதைக் கண்டவர் நார்வேயின் ஜார்ஜ் ஓசியான் சார்ஸ். காட் மீன்பிடிப்பு ஓர் ஆண்டு கொழிப்பதும் மறு ஆண்டு பொய்த்துப்போவதும் ஏன் என்று ஆராயும்படி 1864-இல் அரசு அவரை லோஃபோட்டன் தீவுகளுக்கு அனுப்பியது. மீன் முட்டை என்றால் அடியில் கிடக்கும் அல்லது எதிலாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதே பொதுவான நம்பிக்கை. சார்ஸோ, காட் மீனின் முட்டைகள் கடலின் மேற்பரப்பில் தனித்தனியாக மிதந்து திரிவதைக் கண்டார். ஒரு பெண் காட் பல லட்சம் முட்டைகளை இடும். அத்தனையும் காற்றுக்கும் அலைக்கும் விடப்பட்ட முட்டைகள்.

இதைக் கேட்டவுடன் எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணம் ஒன்று உண்டு. கடலில் வீணாகும் முட்டைகளை நாமே சேர்த்துப் பொரித்துக் கடலில் விட்டால் மீன் வளம் பெருகாதா? 1880-களில் நார்வேயின் ஃபுளோடெவிகன் என்னுமிடத்தில் குந்தர் டன்னவிக் என்னும் கப்பல் தலைவர் ஒரு பொரிப்பகம் அமைத்தார். அமெரிக்காவில் 1885-இல் உட்ஸ் ஹோல் நிலையம் எழுந்தது. கோடிக்கணக்கான குஞ்சுகள் பொரிக்கப்பட்டன. பொரித்த சில நாள்களிலேயே கடலில் கொட்டப்பட்டன.

ஏன் அவ்வளவு சீக்கிரம் கொட்டினார்கள்? வேறு வழியில்லை என்பதே உண்மை. காட் குஞ்சு பொரிக்கும்போது 4 மி.மீ. நீளமே இருக்கும். வயிற்றில் ஒரு கருவுணவுப் பை தொங்கும். ஏறத்தாழ ஒரு வாரத்திற்கு அந்தக் கட்டுச்சோறே அதற்கு ஆகாரம். அது தீர்ந்ததும் குஞ்சு தானே இரை தேடியாக வேண்டும். பொரிப்பகத்தாரிடம் அந்த நாளுக்கு உரிய இரை இல்லை. தொட்டியில் வைத்திருந்தால் சாவு நிச்சயம். கடலில் விட்டால் கடல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். எண்ணிக்கையைக் காட்டி அறிக்கை எழுதுவது எளிதாக இருந்தது. விட்டதில் எத்தனை பிழைத்தன என்று எண்ணுவதற்குத்தான் வழியில்லை. ஆயினும் ஃபுளோடெவிகனில் இந்தப் பணி 1971 வரை நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

டன்னவிக்கிற்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். 1886-இல் அவர் கடல் நீர் நிரப்பிய பெரிய குளம் ஒன்றில் காட் குஞ்சுகளை விட்டு, அவை சிறு மீன்களாக வளர்வதைக் காட்டினார். நீரில் இயற்கையாக இருந்த மிதவை உயிரிகளைத் தின்று அவை பிழைத்தன. உரிய இரை இருந்தால் குஞ்சு வளரும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அந்த இரையைத் தேவையான நாளில் தேவையான அளவில் உண்டாக்குவது எப்படி என்பதே மிஞ்சிய கேள்வி.

1914-இல் நார்வேயின் யோஹான் யோர்ட் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார். செதிலில் உள்ள வளையங்களைக் கொண்டு மீனின் வயதைக் கணித்தபோது, 1904-ஆம் ஆண்டில் பிறந்த ஹெர்ரிங் மீன்களே பல ஆண்டுகள் வலைகளை நிரப்பின என்பது தெரிய வந்தது. மற்ற ஆண்டுகளின் குஞ்சுகள் எங்கே போயின? கருவுணவு தீர்ந்து முதல் இரையைக் கொள்ளும் நாள்களே நெருக்கடியான காலம் என்றும், அப்போது கடலில் இரை இல்லையெனில் அந்த ஆண்டின் குஞ்சுகள் பெருமளவில் மடியும் என்றும் யோர்ட் கருதினார். கடல் முழுவதற்கும் இது எவ்வளவு பொருந்தும் என்று இன்றும் வாதிடுகிறார்கள். கண்ணாடித் தொட்டியைப் பொறுத்தவரை வாதத்திற்கே இடமில்லை.

உப்பளத்துப் பூச்சியும் விலாங்குக் குளத்துத் தொல்லையும்

முதல் திறவுகோல் உப்பளத்திலிருந்து கிடைத்தது. மிக உவர்ப்பான நீரில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் சிறு உயிரியை நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் காணலாம். காலம் கடுமையானால் அது கெட்டியான ஓடுடைய முட்டைகளை இடும். பழுப்புத் தூள் போன்ற அம்முட்டைகளை உலர்த்தி டப்பாவில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். கடல் நீரில் போட்டு வெதுவெதுப்பாக வைத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும். ஒரு கிராம் தூளில் இரண்டு மூன்று லட்சம் முட்டைகள் அடங்கும். ஆக, டப்பாவில் அடைத்து வைக்கக்கூடிய உயிருள்ள இரை! சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆல்வின் சீல் 1933-இல் இது மீன்களுக்கு நல்ல உணவு என்று எழுதினார். நார்வேயின் குன்னார் ரொல்லெஃப்சன் 1939-இல் பிளேஸ் என்னும் தட்டை மீனின் குஞ்சுகளை இதைக்கொண்டு வளர்த்துக் காட்டினார். போர் முடிந்த பின்னர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஷெல்போர்ன் அதே மீனை ஆயிரக்கணக்கில் வளர்த்தார்.

ஆனால் பிளேஸ் குஞ்சு பிறவியிலேயே சற்றுப் பெரியது, வாயும் பெரியது. அன்று பொரித்த ஆர்ட்டீமியாவின் நீளம் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை. வாயின் அகலத்தில் பாதிக்கு மேற்பட்ட இரையைக் குஞ்சால் எளிதில் விழுங்க முடியாது. பெரும்பாலான கடல்மீன் குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா, பால்குடிக் குழந்தையின் முன் வைத்த முழுத் தேங்காய் போலத்தான்.

இரண்டாவது திறவுகோல் கிடைத்த விதம் சுவையானது. ஜப்பானில் விலாங்கு மீன் வளர்க்கும் குளங்களில் திடீரென்று பசுமை நிறம் மறைந்து, நீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் திணறும். பாசியைத் தின்று தீர்த்துப் பெருகும் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியே அதற்குக் காரணம். குளத்துக்காரர்களுக்கு அது ஒரு பீடை. தகாஷி இத்தோ என்னும் ஆராய்ச்சியாளர் அதை வேறு கண்ணால் பார்த்தார். இவ்வளவு வேகமாகப் பெருகும் உயிரியை மீன் குஞ்சுக்கு இரையாக்கினால் என்ன? 1960-இல் அவர் இதை வெளியிட்டார். ரோட்டிஃபரின் நீளம் ஏறத்தாழ 0.1 முதல் 0.3 மி.மீ. வரை. அது மெதுவாக நீந்தும். குஞ்சால் எளிதில் பிடிக்க முடியும். பெண்ணே ஆணின்றிப் பெருகும். நல்ல நிலையில் ஒரு நாளில் இருமடங்காகும். ஒரு வாளி நீரில் லட்சக்கணக்கில் நெருக்கி வளர்த்தாலும் முனகாது. ஜப்பானியர் விரும்பி உண்ணும் சிவப்பு நிற மடாய் மீனின் குஞ்சுகள் பெருமளவில் வளர்க்கப்பட்டது இதன் பின்னர்தான். கடல்மீன் குஞ்சு வளர்ப்பின் வரலாற்றில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்று என்னைக் கேட்டால், இந்தப் பீடையையே சொல்வேன்.

அதிலும் ஒரு முடிச்சு விழுந்தது. பாசி வளர்ப்பது சிரமம் என்று ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கொடுத்து ரோட்டிஃபரைப் பெருக்கினார்கள். குஞ்சுகள் அதை வயிறு நிறையத் தின்றன, தின்றும் செத்தன. ஈஸ்ட்டில் வளர்ந்த ரோட்டிஃபரில் கடல்மீனுக்கு இன்றியமையாத சில கொழுப்பு அமிலங்கள் இல்லை என்பதை ஜப்பானியர் 1970-களில் கண்டறிந்தனர். கடற்பாசி நுண்ணுயிர்களையோ மீனெண்ணெயையோ முதலில் ரோட்டிஃபருக்கு ஊட்டி, அந்த ரோட்டிஃபரைக் குஞ்சுக்கு ஊட்டுவது என்னும் முறை அப்படிப் பிறந்தது. தாய்க்குப் பத்தியம் வைத்துப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதை நம் பாட்டிமார் அறிவார்கள் அல்லவா?

வீட்டுத் தொட்டிக்கு

உணவு மீனுக்காகக் கண்ட முறையை அழகு மீனுக்குப் பயன்படுத்தி வணிக அளவில் வெற்றி கண்டவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த மார்ட்டின் மோ. 1970-களின் தொடக்கத்தில் அவர் கோமாளி மீனை வளர்த்தார். 1982-இல் அவர் எழுதிய கையேடு, தொட்டி வைப்பது முதல் குஞ்சு எடுப்பது வரை சாதாரண வளர்ப்பாளருக்கும் விளங்கும்படி சொன்னது. 1998-இல் ஜாய்ஸ் வில்கர்சன் கோமாளி மீன்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

கோமாளி மீன் முதலில் வசப்பட்டதற்குக் காரணம் உண்டு. கடற்சாமந்தியின் நிழலில், பாறையில் ஒட்டினாற்போல் அது முட்டையிடும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஆரஞ்சு நிற முட்டைகளில் நாளடைவில் வெள்ளி போன்ற கண்கள் தெரியும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், விளக்கணைந்த சிறிது நேரத்தில் அவை பொரிக்கும். வெளிவரும் குஞ்சு 3 முதல் 4 மி.மீ. இருக்கும். ரோட்டிஃபரை விழுங்கும் அளவுக்கு அதற்கு வாய் உண்டு. ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபர் என்று கணக்கு வைத்தால், இருபது லிட்டர் தொட்டிக்கு இரண்டு லட்சம் வேண்டும். சில நாள் கழித்து ஆர்ட்டீமியா. எட்டு முதல் பன்னிரண்டு நாள்களில் வெள்ளைப் பட்டைகள் தோன்றிக் குஞ்சு சின்னஞ்சிறு கோமாளி மீனாகிவிடும். நம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் கோமாளி மீன் குஞ்சுகள் வளர்க்கப்பட்டுள்ளன.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதில் மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று, தொட்டியின் சுவர். கடலில் வெளிச்சம் மேலிருந்து வரும். பக்கங்களில் சுவர் இல்லை. கண்ணாடித் தொட்டியில் விளக்கொளி பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும். ஒளியை நாடும் குஞ்சு சுவரை முட்டிக்கொண்டே நிற்கும். நடுவில் மிதக்கும் இரையைக் காணாது. பக்கங்களுக்குக் கறுப்பு அடித்து, நீரில் பச்சைப் பாசி கலந்தால் ஒளி சிதறிப் பரவுகிறது. குஞ்சு நடுவுக்கு வருகிறது. கறுப்புத் தாள் ஒட்டுவது என்ற சிறு வேலையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் பிழைக்கின்றன.

மற்றொன்று நீரின் பாகுநிலை. பெரிய மீன் வாயைச் சட்டென்று திறந்தால் நீர் இரையோடு உள்ளே பாயும். சில மி.மீ. நீளமே உள்ள குஞ்சுக்கு நிலைமத்தைவிடப் பாகுநிலையே மேலோங்கி நிற்கும். நாம் தேன் நிறைந்த குளத்தில் நீந்துவது போன்ற நிலை. வாயைத் திறந்தாலும் சற்றுத் தொலைவில் உள்ள இரை அசையாது; உள்ளே வந்ததும் நழுவிப்போகலாம். இஸ்ரேலின் விக்டர் சைனா, ராய் ஹோல்ஸ்மன் இருவரும் 2014-இல் இதைச் சோதித்தார்கள். நன்றாக இரை கொள்ளத் தெரிந்த வளர்ந்த குஞ்சுகளைப் பாகுநிலை கூட்டிய நீரில் விட்டபோது, அவையும் பிறந்த குஞ்சுகளைப் போலவே தடுமாறின. இரை நிறைந்த நீரிலேயே குஞ்சு பட்டினி கிடக்கக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று. அடர்த்தியாக இரையைக் கொட்ட வேண்டும் என்று வளர்ப்பாளர்கள் அனுபவத்தில் கண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளில் வாழும் ஒரு சிறு மீன் இந்தத் தொல்லைகளையெல்லாம் தாண்டிவிட்டது. தந்தை முட்டைகளை வாயில் வைத்துக் காத்து, பொரித்த பின்னும் சில நாள் வைத்திருந்து, முழு மீன்களாகவே வெளியே விடுகிறது. அக்குஞ்சு முதல் நாளே ஆர்ட்டீமியாவைத் தின்னும். வீட்டில் வளர்க்க இதைவிட எளிய கடல்மீன் அரிது. அப்படியிருந்தும் வணிகத்திற்காகக் கடலிலிருந்து ஓயாமல் அள்ளியதால், 2007-இல் அது அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கேதான் வளர்ப்பாளரின் பொழுதுபோக்கு பவளப் பாறையின் உயிரோடு முட்டுகிறது. கடல் அழகு மீன் இனங்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவையே. பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கிய சயனைடு முறையில், நஞ்சைப் பீய்ச்சி மீனை மயங்கச் செய்து பிடிப்பார்கள். பவளமும் சேர்ந்து சாகும். தொட்டியிலேயே குஞ்சு கிடைக்கும் இனத்துக்கு நஞ்சுப் புட்டி தேவையில்லை. ஆகவே வாய்க்கு ஏற்ற இரை என்பது வீட்டு வேடிக்கையோடு நின்றுவிடும் விஷயம் அன்று.

கோமாளி மீனைப் போன்ற பெரிய வாய் எல்லா இனத்துக்கும் இல்லை. மஞ்சள் டாங், நீல டாங் போன்றவை ஒரு மி.மீட்டருக்கும் குறைந்த முட்டைகளை நீரில் மிதக்க விடும்; அவற்றின் குஞ்சுக்கு ரோட்டிஃபரே பெரிய கவளம். கோப்பிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுயிரியின் குஞ்சே பொருந்திய இரை. அதைக்கொண்டு ஹவாய்த் தீவுகளில் 2015-இல் மஞ்சள் டாங் மீனும், ஃபுளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் 2016 ஜூலையில் நீல டாங் மீனும் வளர்த்தெடுக்கப்பட்டன. நீல டாங் குஞ்சு முழு மீன் வடிவம் பெற ஏறத்தாழ ஐம்பது நாள்களுக்கு மேல் ஆயிற்று. கோமாளி மீனுக்கு ஆவதைப் போல் நான்கைந்து மடங்கு காலம். பெரிய நிலையங்கள் மட்டுமே இதில் வென்றன என்று எண்ணிவிடாதீர்கள். பவளத்தையே தின்று வாழும் ஒரு வரிமீனை அமெரிக்காவில் மாத்யூ பீடர்சன் என்னும் தனி வளர்ப்பாளர் 2009-இல் தம் தொட்டியிலேயே குஞ்சு முதல் வளர்த்துக் காட்டியிருந்தார்.

கோப்பிபாட் ரோட்டிஃபரைப் போல் நெருக்கத்தைப் பொறுப்பதில்லை. ஒரு வாளியில் ரோட்டிஃபர் லட்சக்கணக்கில் இருக்கும் இடத்தில் கோப்பிபாட் சில ஆயிரமே தேறும். உயிருள்ள பாசியைத்தான் தின்னும். ஈஸ்ட்டைக் கொடுத்து ஏமாற்ற முடியாது. டப்பாவில் அடைத்து அஞ்சலில் அனுப்பவும் எளிதல்ல. வீட்டுத் தொட்டியில் டாங் மீனின் குஞ்சைக் காண விரும்புபவர் மீன் வளர்ப்பதற்கு முன்னால் கோப்பிபாட் வளர்க்கவும், அதற்கும் முன்னால் பாசி வளர்க்கவும் பழகியாக வேண்டும்.