பழைய அரசு மடிக்கணினிகளை வைஃபையில் இணைத்தல்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுக் கணினிகளில் விண்டோஸ் 7-உம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரக் கிராமங்களில் பல குடும்பங்களுக்கு முதல் கணினி இதுதான். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து புது ரவுட்டர் மாட்டியதும், ‘வைஃபை பிடிக்கவில்லை’ என்று பரணுக்குப் போவதும் இதுவே. பெரும்பாலும் அது பழுதல்ல. கணினி ஒரு தலைமுறை வைஃபையும் ரவுட்டர் இன்னொரு தலைமுறை வைஃபையும் பேசுகின்றன, அவ்வளவுதான்.

பெயரே தெரியாதபோது

அக்காலக் கணினிகள் பலவற்றின் வைஃபை அட்டை 2009-இல் வந்த ‘என்’ தரத்தைச் சேர்ந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் அதற்கு எதுவும் தெரியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4-ஐ இயக்கி, தனிப் பெயர் கொடுத்தால் போதும். இதில் இழப்பு குறைவு. தடித்த செங்கல் சுவர்களைத் தாண்டி 2.4 அலையே நன்றாகச் செல்லும். சானல் 12, 13-இல் ரவுட்டர் இயங்கினாலும் சில பழைய அட்டைகள் அதைக் காணா. 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வைப்பது நல்லது.

புது ‘ஏஎக்ஸ்’ தரம், அதாவது வைஃபை 6, இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. இன்டெல் அட்டைகள் சிலவற்றின் பழைய டிரைவர்கள் இத்தரத்தில் இயங்கும் ரவுட்டரின் பெயரையே காட்டுவதில்லை. டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகும். அது கிடைக்காவிட்டால் 2.4-இல் மட்டும் ஏஎக்ஸை அணைத்து, ‘என்’ முறையில் வைக்கலாம்.

பாஸ்வேர்டை ஏற்காதபோது

2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு விண்டோஸ் 7-க்குத் தெரியாது. ரவுட்டரை டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் முறைக்கு மாற்ற வேண்டும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையிலும் சில பழைய அட்டைகள் தடுமாறும். அப்போது விருந்தினருக்கான தனி நெட்வொர்க்கை டபிள்யூபிஏ2-இல் அமைத்து, கணினியை அதில் விடுவதே சிறந்த வழி. வீட்டின் மற்ற கருவிகளின் பாதுகாப்பு குறையாது. இணைப்பு கிடைக்கிறதே என்று டபிள்யூஇபி முறைக்கோ பாஸ்வேர்டு இல்லாத நிலைக்கோ இறங்குவது தவறு. டபிள்யூஇபி-யை நிமிடங்களில் உடைத்துவிடலாம்.

இணைந்த பின்னும் தளங்கள் திறக்காவிட்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நெடுநாள் மின்சாரமின்றிக் கிடந்த கணினியில் மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பிரவுசர் அப்போது ஏற்காது. தேதியைத் திருத்தி, பேட்டரியை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும்.

எதற்கும் மசியாத அட்டைக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் உண்டு. லேன் கேபிள் அதைவிட உறுதியானது.

விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. எனவே வைஃபை கிடைத்ததும் அன்றாடப் பயன்பாட்டுக்கு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவுங்கள். விண்டோஸ் 7-இல் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.