பாத்ரூம் சுவருக்கு டைல்ஸ்: ஒட்டும் முன் பேப்பரில் போட வேண்டிய கணக்கு என்ன?

பாத்ரூம் டைல்ஸுக்கு கலர் பார்க்க குடும்பமே கிளம்பிப் போகும். ஆனால் அந்த டைல்ஸ் சுவரில் எங்கே தொடங்கி எங்கே முடியணும் என்று பலரும் யோசிப்பதில்லை. ‘அதெல்லாம் கொத்தனார் பார்த்துக்குவார்’ என்று விட்டுவிடுகிறார்கள். கடைசியில் ஷவருக்கு நேர் எதிரே விரல் அகலத்தில் ஒரு ஒட்டுத்துண்டு நிற்கும். இல்லாவிட்டால் பாதி வேலையில் டைல்ஸ் தீர்ந்துபோகும். இதைத் தவிர்க்க ஒரு பேப்பரும் டேப்பும் போதும்.

ஒரு அடி டைல்ஸ், ஒரு அடி இல்லை

கடையில் ‘ஒன்றுக்கு ஒன்றரை’ என்று கேட்டு வாங்கும் டைல்ஸின் அளவு 300க்கு 450 மி.மீ. ஆனால் ஒரு அடி என்பது 304.8 மி.மீ. கிட்டத்தட்ட 5 மி.மீ. குறைவு.

பக்கச் சுவர்களில் ஒட்டப்போகும் டைல்ஸ், கலவை கனத்தைக் கழித்துவிட்டு 5 அடி, அதாவது 1,524 மி.மீ. அகலம் உள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். ‘5 அடிக்கு 5 டைல்ஸ்’ என்பதுதான் மனக்கணக்கு. 2 மி.மீ. இடைவெளி விட்டு 5 டைல்ஸ் ஒட்டினால் 1,508 மி.மீ. தான் வரும். மூலையில் 14 மி.மீ. துண்டு ஒன்று தேவைப்படும். அவ்வளவு சின்னதாக வெட்டினால் பெரும்பாலும் உடையும். உடையாமல் ஒட்டினாலும் கண்ணை உறுத்தும்.

இதற்குத் தீர்வு என்ன?

சுவரின் நடுவில் தூக்குக்குண்டு விட்டு ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டின் இருபுறமும் இரண்டிரண்டு முழு டைல்ஸ். இப்போது இரு மூலைகளிலும் தலா 157 மி.மீ., அதாவது பாதி டைல்ஸுக்குச் சற்று அதிகமான துண்டு வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதால் திட்டமிட்டுச் செய்தது போலவே இருக்கும். நடுக்கோட்டில் டைல்ஸின் ஓரத்தை வைப்பதா, டைல்ஸின் நடுவை வைப்பதா என இரண்டையும் வரைந்து பார்த்து, மூலைத்துண்டு எதில் பெரிதாக வருகிறதோ அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கீழ் வரிசை ஏன் கடைசியில்?

தண்ணீர் வடிய தரையில் வாட்டம் இருக்கும். 100க்கு 1 என்ற வாட்டத்தில், 5 அடி தூரத்துக்குள் சுமார் 15 மி.மீ. இறங்கிவிடும். தரையை நம்பி முதல் வரிசையைத் தொடங்கினால் எல்லா வரிசையும் சாயும். அதனால் ரசமட்டம் வைத்து, இரண்டாவது வரிசையின் அடியில் நேரான கட்டை அடித்து, அதன் மேலிருந்து ஒட்டணும். தரை டைல்ஸ் முடிந்த பிறகு கீழ் வரிசையை வாட்டத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டினால், சுவரில் வழியும் தண்ணீர் நேராகத் தரை டைல்ஸ் மேல் விழும்.

7 அடி உயரத்துக்கு மேலே 4 முழு வரிசை, கீழே சுமார் 325 மி.மீ. வரிசை ஒன்று என ஆக மொத்தம் 5 வரிசை.

எத்தனை டைல்ஸ் வாங்கணும்?

இந்தச் சுவர் 35 சதுர அடி. சதுர அடிக் கணக்கில் 25 டைல்ஸ், 10 சதவீதம் சேதாரம் சேர்த்தால் 27. ஆனால் பேப்பரில் வரைந்து எண்ணினால் ஒரு வரிசைக்கு 6 வீதம் 30 வருகிறது. காரணம், 157 மி.மீ. துண்டு இரண்டை ஒரே 300 மி.மீ. டைல்ஸில் வெட்ட முடியாது. அதனால் சதுர அடியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு சுவராக எண்ண வேண்டும். உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஒரே பேட்ச், ஒரே ஷேடில் வாங்குவது நல்லது. பிறகு போய்க் கேட்டால் அதே நிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பைப் பாயின்ட்டும் ஹைலைட்டரும்

பிளானை பிளம்பர் வரும் முன்பே முடித்துவிட்டால், குழாய், ஷவர் துளைகளை டைல்ஸின் நடுவிலோ இணைப்புக் கோட்டிலோ வரும்படி வைக்கலாம். கீழே இரண்டு வரிசை டார்க், நடுவில் ஹைலைட்டர், மேலே இரண்டு வரிசை லைட் என்று வரிசை எண்ணையும் அதிலேயே குறித்துவிடலாம்.

டைல்ஸ் மட்டும் கசிவைத் தடுக்காது. வாட்டர்புரூஃபிங் முடித்து, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகே ஒட்ட ஆரம்பிக்கணும். ஒட்டிய பிறகு தவறு தெரிந்தால், உடைத்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பேப்பரில் தவறு தெரிந்தால் ரப்பர் வைத்து அழித்துவிடலாம்.