மந்திர உலகத்துக்கு வழி எது? மிகுபுனைவுக் கதைகளும் அவற்றின் வகைகளும்

“மாயாஜாலக் கதையா? அது சின்னப் பிள்ளைங்க படிக்கிறது.” பள்ளியிலும் வீட்டிலும் நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1858-இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு ‘ஃபேன்டஸ்டீஸ்’ நாவலை வெளியிட்டபோது, ஆண்களுக்கும் பெண்களுக்குமான கதை என்று துணைத்தலைப்பிலேயே குறிப்பிட்டார். பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கதை அது.

மாணவர்களே, ஃபேன்டசி எனப்படும் மிகுபுனைவில் வகைகள் நிறைய. எல்லாப் பெயரையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒரு கேள்வி போதும்: மந்திரம் எங்கே இருக்கிறது, கதைமாந்தர் அதை எப்படி அடைகிறார்?

1. வாசல் வழிக் கதை
நம் உலகிலிருந்து வேறோர் உலகுக்குப் போவது. லூயிஸ் கரோலின் ஆலிஸ் (1865) முயல் வளைக்குள் விழுகிறாள். சி.எஸ்.லூயிஸின் நார்னியா கதைகளில் (1950–1956) துணி அலமாரியே வாசல்.

2. தனி உலகக் கதை
இதில் நம் உலகமே தேவையில்லை. டோல்கீனின் ‘ஹாபிட்’ (1937), ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–1955) இதற்குப் பெயர்பெற்றவை. வரைபடம், மொழிகள், பழைய வரலாறு எல்லாம் அந்த உலகத்துக்கென்றே உருவானவை.

3. வாளும் மந்திரமும்
உலகைக் காப்பதைவிட ஒரு வீரனின் சாகசமே முக்கியம். ராபர்ட் ஹோவர்டின் கோனன் 1932-இல் அமெரிக்க இதழொன்றில் அறிமுகமானான். இந்த வகைக்குப் பெயர் கிடைத்ததோ 1961-இல்தான். அப்போது ஹோவர்டு உயிரோடு இல்லை. கதை முதலில், பெயர் பிறகு! அதனால் ஒரு கதை இரண்டு வகைக்குள் வந்தால் குழம்ப வேண்டாம்.

4. நம் ஊருக்குள்ளே மந்திரம்
ஈ.நெஸ்பிட்டின் ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ (1902) கதையில் பிள்ளைகள் கேட்கும் வரம் சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். ஹாரி பாட்டரின் (1997) மந்திர உலகமும் லண்டன் ரயில் நிலையத்தில் ஒளிந்திருக்கிறது.

நாயகன் யார்?
இந்தக் கதைகளின் நாயகர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்களாகவே இருந்தார்கள். 1968-இல் உர்சுலா லெ குவின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலில் இதை மாற்றினார். மந்திரப் பள்ளியில் படிக்கும் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் கறுப்பு நிறத்தவன். ஆனாலும் 2004 தொலைக்காட்சித் தொடரில் கெட்டாக நடித்தவர் வெள்ளையர். லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

நமக்கும் இது முக்கியம். தமிழில் கற்பனைக் கதை எழுதும்போது நாயகனுக்கு ஏன் ‘ஜாக்’ என்றே பேர் வைக்கணும்? பறக்கும் தெய்வம், மணிபல்லவத் தீவு, வற்றாத அமுதசுரபி எல்லாம் மணிமேகலையில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மணிமேகலை பௌத்த சமயக் காப்பியம், மிகுபுனைவு நாவல் அல்ல. அதிலிருந்து கற்பனைக்கு விதை எடுக்கலாம். இரண்டையும் ஒன்றெனத் தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

எதை முதலில் படிக்கலாம்?
ஆரம்பப்பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கு நெஸ்பிட்டும் நார்னியாவும். இடைநிலைப்பள்ளியில் ‘ஹாபிட்’, பிறகு எர்த்ஸீ. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நீளமானது. பள்ளி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி: மாணவர் ஒரு கதையைப் படித்து, மேலே உள்ள கேள்விக்கான விடையை ஐந்து வாக்கியத்தில் தமிழில் எழுதட்டும். பிறகு அதே கதை தன் ஊரில் நடந்தால் வாசல் எங்கே இருக்கும் என்று யோசித்து, ஒரு பத்தி சேர்க்கட்டும்.