அறுகம் குடா: அலையைத் தேடி வந்தோரும் கரைக்காகப் போராடியோரும்

இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்தின் பொத்துவிலை அடுத்துள்ள அறுகம் குடா, உலகின் பல நாடுகளிலிருந்தும் அலைச்சறுக்கு வீரர்கள் நாடிவரும் கடற்கரையாகும். போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட இந்தக் கரையில், அலை எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும் கரை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தொடர்ந்து எழுந்துவந்துள்ளது.

கனடாவின் மொன்றியல் நகரில் பிறந்த எழுத்தாளர் நயோமி கிளைன், 2007இல் வெளியான 'த ஷாக் டாக்ட்ரின்' என்ற தமது நூலில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். மொன்றியல், 1983 வன்செயல்களுக்குப் பின்னர் இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் தஞ்சம் புகுந்த நகரங்களில் ஒன்று. அவர்கள் தாயகக் கரைகளை விட்டு வெளியேறிய அதே காலத்தில், அறுகம் குடாவுக்கு வெளிநாட்டு அலைச்சறுக்கு வீரர்கள் வந்துகொண்டிருந்தனர்.

அலையும் பருவமும்

உள்ளூரில் உல்லை எனப்படும் இப்பகுதியில் முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் வாழ்கின்றனர். மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் உருவாகும் அலைகள் இங்குள்ள கடல்முனையில் மோதி, சீராக வளைந்து நீண்ட தூரம் ஓடுகின்றன. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அலையின் முகப்பைச் செம்மையாக வைத்திருக்கிறது. தெற்கே பானமையைத் தாண்டி, கதிர்காம பாதயாத்திரிகர்கள் தங்கிச் செல்லும் ஒக்கந்தை முருகன் ஆலயப் பகுதி வரை இத்தகைய அலைமுனைகள் உள்ளன.

போர்க்காலம்

1970களில் வெளிநாட்டுப் பயணிகளிடையே இவ்விடம் அறியப்படலாயிற்று. போர் தொடங்கியபின் விசேட அதிரடிப் படையினரின் முகாம்களும் சோதனைச் சாவடிகளும் இப்பகுதியின் அன்றாடக் காட்சியாயின. 2002 பெப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் பயணிகள் வருகை அதிகரித்தது. ஆனால் 2006 செப்டம்பரில் பொத்துவில் அருகே முஸ்லிம் தொழிலாளர்கள் 10 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே இதற்குப் பொறுப்பு என அரசு கூற, அதிரடிப் படையினர் மீதே உள்ளூர் முஸ்லிம்கள் சந்தேகம் தெரிவித்தனர்.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26ஆம் தேதி தாக்கிய ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இலங்கையில் மிக அதிக உயிர்ச்சேதத்தைச் சந்தித்த மாவட்டம் அதுவே. அதன்பின் வடக்கு, கிழக்குக் கரையோரத்தில் 200 மீட்டர் வரை வீடுகள் கட்ட அரசு தடை விதித்தது. பாதுகாப்பே காரணம் என்று கூறப்பட்டது. ஆனால் சுற்றுலா விடுதிகளுக்குச் சலுகை காட்டப்படுவதாக மீனவர்கள் குற்றஞ்சாட்டினர்.

படகும் வலையும் கண்பார்வையில் இருந்தால்தான் தொழில் நடக்கும் என்பது அவர்களது வாதம். அறுகம் குடாவை வசதிபடைத்தோருக்கான உயர்ரகச் சுற்றுலா மையமாக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டது. ஆழிப்பேரலை செய்ததைவிட, அதற்குப் பிந்திய இத்தகைய திட்டங்கள் மீனவர்களைக் கரையிலிருந்து நிரந்தரமாக அகற்றக்கூடும் என்பது கிளைனின் கருத்து. எதிர்ப்புகளை அடுத்துக் கட்டுமானத் தடை பின்னர் தளர்த்தப்பட்டது.

போர் 2009இல் முடிந்த பின்னரும் நிலப்பிரச்சினை ஓயவில்லை. 2010இல் பானமையில் விவசாயக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, அவர்களது நிலங்களில் படைமுகாம்கள் அமைந்தன. அவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள். கரையோர நிலத்தின் பெறுமதி கூடும்போது பாதிப்பு ஓர் இனத்தோடு நிற்பதில்லை என்பதை இது காட்டியது. 2015 பெப்ரவரியில் நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. அது நடைமுறைக்கு வரத் தாமதமானதால், 2016இல் மக்களில் சிலர் தாங்களாகவே உள்ளே சென்று குடியேறினர்.

புதிய அச்சங்கள்

2018இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குச் சங்கம் அமைத்தனர். ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களால் சுற்றுலாத்துறை முடங்கிய 2019லும், செப்டம்பரில் உலக அலைச்சறுக்குச் சங்கத்தின் தகுதிச் சுற்றுப் போட்டி இங்கு நடைபெற்றது. 2024 அக்டோபர் 23ஆம் தேதி, அறுகம் குடாவின் சுற்றுலா இடங்கள் தாக்கப்படலாம் என அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. தமது நாட்டவரை வெளியேறுமாறு இஸ்ரேல் கேட்டுக்கொண்டது.

இத்தகைய எச்சரிக்கை வரும்போது பயணி வேறொரு கரைக்குச் செல்ல முடியும். தொழிலும் வீடும் அங்கேயே உள்ள மீனவருக்கும் விவசாயிக்கும் அந்தத் தெரிவு இல்லை.