தலைகீழாய்த் தொங்கியவனுக்கு ஒளிவட்டம்

1412-இல் ரோம் நகரின் பாலங்களிலும் வாயில்களிலும் ஒரு படைத்தலைவனின் உருவத்தைத் தீட்டி வைத்தார்கள். ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட உருவம். அவன் பெயர் முட்சியோ அட்டெண்டோலோ ஸ்போர்சா. கூலிப்படை நடத்தியவன், போப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய 23-ஆம் ஜானைக் கைவிட்டு நேப்பிள்ஸ் அரசன் பக்கம் போய்விட்டான். ஆள் சிக்கவில்லை, சுவரில் தொங்கவிட்டார்கள். துரோகிகளை இப்படி ஊரறிய அவமானப்படுத்துவது அன்றைய இத்தாலிய நகரங்களில் வழக்கம். 1478-இல் பிளாரன்சில் மெடிச்சி குடும்பத்துக்கு எதிராகச் சதி செய்தவர்களைச் சுவரில் வரைந்தவர் வேறு யாருமல்ல, வீனஸை வரைந்த அதே போட்டிசெல்லி.

முட்சியோவின் மகன் பிரான்செஸ்கோ 1450-இல் மிலானின் ஆட்சியைப் பிடித்தான். அந்தக் குடும்பத்துக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரையப்பட்ட சீட்டுக்கட்டில் ‘தொங்கும் மனிதன்’ இருக்கிறான். அப்பனை அவமதித்த அதே கோலம், மகன் வீட்டுச் சீட்டாட்டத்தில்! அந்தக் கட்டில் 74 சீட்டுகள் எஞ்சியிருக்கின்றன. ஒரு பகுதி நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், இன்னொரு பகுதி பெர்காமோ நகரத்திலும் உள்ளன. இன்று பலரை நடுங்க வைக்கும் சாத்தானும் இடி விழும் கோபுரமும் அவற்றில் இல்லை.

ஆம், சீட்டாட்டம்தான். ‘டாரட்’ எனப்படும் இந்தச் சீட்டுக்கட்டு பிறந்தது குறி சொல்ல அல்ல. 78 சீட்டு, அவற்றில் 21 படச் சீட்டுகள் நிரந்தரத் துருப்பு, கூடவே ஒரு கோமாளி. யாழ்ப்பாணத்தில் 304 ஆடுகிறவர்களுக்குத் துருப்பின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எலும்புக்கூடாக வரையப்பட்ட மரணம் 13-ஆம் துருப்பு. பேரரசரை வெட்டும், போப்பையே வெட்டும். அதற்கு மேலே நட்சத்திரம், சூரியன், தீர்ப்பு நாள் எல்லாம் இருக்கின்றன. அவை மரணத்தை வெட்டும். கையில் எலும்புக்கூடு வந்தவன் உள்ளுக்குள் மகிழ்ந்திருப்பானே தவிர, மருத்துவரைத் தேடி ஓடியிருக்க மாட்டான்.

பயம் பாரிசில் கலந்தது. 1781-இல் கூர் த ஜெபலன் என்ற அறிஞர், இந்தச் சீட்டுகள் பண்டை எகிப்தின் ஞான நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கவே யாருக்கும் தெரியாத காலம் அது; மறுக்க ஆளில்லை. தொங்கும் மனிதனைப் பார்த்து, இது விவேகத்தின் உருவம், அச்சடித்தவன் அறியாமல் தலைகீழாக்கிவிட்டான் என்று சொல்லி நிமிர்த்தி வைத்தார். தவறான வரலாறுதான். ஆனாலும் அச்சமூட்டும் சீட்டு ஒன்றுக்கு நல்ல பொருள் தேடிய ஆரம்பகால முயற்சி அதுவே. சில ஆண்டுகளில் எத்தெய்யா என்பவர் குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டு வெளியிட்டார். தொழில் சூடுபிடித்தது. எகிப்துக் கதையை 1980-இல் ஆக்ஸ்போர்டின் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் ஒரு தடித்த நூலில் சான்றுகளோடு தகர்த்தார்.

இன்று உலகெங்கும் பழகும் படங்கள் 1909-இல் லண்டனில் வெளியானவை. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது. வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். தொங்கும் மனிதனின் தலையைச் சுற்றி அவர் ஒளிவட்டம் இட்டார், முகத்தில் அமைதியை வைத்தார். துரோகி துறவியானான். மரணம் ஏறிவரும் வெள்ளைக் குதிரைக்கு மேலே வெள்ளை ரோஜா பொறித்த கொடி. தூரத்தில் இரு கோபுரங்களுக்கு இடையே சூரியன். ஊதியம் சொற்பமே. ஸ்மித் 1951-இல் வறுமையில் இறந்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்த ஒளியைப் பெரிதாக்கினார்கள். அமெரிக்கர்களான ஈடன் கிரே 1960-இலும், ரேச்சல் போலக் 1980-இலும் எழுதிய நூல்கள் சீட்டை மனத்தைப் பார்க்கும் கருவியாக்கின. 1994-இல் வந்த ஓஷோ ஜென் கட்டில் மரணம் ‘உருமாற்றம்’ ஆயிற்று.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முடிவு என்பதை முடிவு என்றே சொல்லி, அதற்கப்பால் என்ன என்று கேட்ட போலக்கின் வழி நேர்மையானது. இடிந்து விழும் கோபுரத்தைக்கூட ‘எல்லாம் நன்மைக்கே’ என்று பூசி மெழுகுவது வெறும் வியாபாரம். மறுபக்கம், எலும்புக்கூட்டைக் காட்டிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர்களும் உண்டு. அப்படி ஒருவர் எதிரே உட்கார நேர்ந்தால், பதின்மூன்றுக்கு மேல் இன்னும் எட்டுத் துருப்பு இருக்கிறதே என்று கேட்டுப் பாருங்கள்.